சோதித்துப் பார்க்க எடுத்த வண்டி

மரக்காணம் உப்பளத்தில் தண்ணீருக்கு டிகிரி பார்ப்பது என் வேலை. கண்ணாடிக் குழாய் ஒன்றைப் பாத்தித் தண்ணீரில் மிதக்கவிட்டு, எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து, உப்பு இறங்க இன்னும் எத்தனை நாள் பிடிக்கும் என்று சொல்ல வேண்டும். பாத்தியில் வேலை செய்கிற பெண்கள் விரலை நனைத்து நாக்கில் வைத்தே சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் குழாயை மிதக்கவிடாமல் நான் நம்பியதில்லை. "உங்களுக்கு சோறு வெந்துச்சான்னு பாக்கவே ஒரு மீட்டர் வேணும்" என்பாள் என் மனைவி.

அப்படிப்பட்ட நான் போன கோடையில் மின்சாரக் கார் வாங்கக் கிளம்பினேன். வாங்கக் கிளம்பினேன் என்பதைவிட, வாங்காமல் இருக்கக் காரணம் தேடிக் கிளம்பினேன் என்பதுதான் சரி.

எங்களிடம் ஒரு பழைய டீசல் வண்டி இருந்தது. உப்புக் காற்றில் அதன் அடித்தகடு பொரிந்து, பின் சீட்டில் கால் வைக்கிற இடத்தில் ரோடு தெரிய ஆரம்பித்தது. எஃப்.சி.க்குக் கொண்டுபோனபோது ஆய்வாளர் கீழே குனிந்து பார்த்துவிட்டு, நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தார். பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். எங்கள் தெருவில் இருந்த ஒரே கார் அது. தெருவில் யாருக்கு நெஞ்சு வலித்தாலும், பாம்பு தீண்டினாலும், பிரசவ வலி எடுத்தாலும் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். சாவியை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். போகிற வழியில்தான் யாருக்கு என்ன என்று கேட்பது. கார் வைத்திருப்பவனுக்கு எங்கள் பக்கத்தில் அது எழுதாத சட்டம். நானும் அதில் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன், மறைப்பானேன்.

பக்கத்து வீட்டு அம்மா எங்கள் உப்பளத்தில்தான் உப்பு வாருகிறார். என்னைவிட நாலைந்து வயது இளையவர். கணவர் சென்னையில் கட்டட வேலை, மாதம் ஒருமுறை வருவார். கட்டிக்கொடுத்த மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அந்தப் பெண்ணுக்கு ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. தலைவலி வந்தாலோ கண் மங்கினாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார். ஆம்புலன்ஸ் உண்டுதான். ஆனால் அது எந்த ஊரில் யாரை ஏற்றிக்கொண்டிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

"அண்ணா, வண்டி எப்போ வருது?" என்று தினமும் பாத்தி வரப்பில் கேட்பார்.

"பாத்துட்டு இருக்கேன்மா. அவசரப்பட்டு வாங்கற சாமானா அது?"

"உங்களத்தாண்ணா நம்பியிருக்கேன்."

"நான் இருக்கேன்ல, கவலைப்படாத" என்பேன். சொன்னபோது மனசாரத்தான் சொன்னேன்.

பாண்டிச்சேரி ஷோரூமுக்கு நான் போனது ஆறு முறை. அங்கே விற்பனை பார்க்கிற பையன் முதல் முறை ஜூஸ் கொடுத்தான், மூன்றாம் முறை தண்ணீர் கொடுத்தான், ஐந்தாம் முறை என்னைப் பார்த்ததும் கழிப்பறைக்குப் போனான். நான் காருக்கு அடியில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு போல்ட்டாகப் பார்ப்பேன். எங்கள் உப்பளத்தில் வருஷத்துக்கு நாலு மோட்டாராவது சாகும். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் செம்புக் கம்பி பச்சை பிடித்து மாவாக உதிரும். உப்பும் மின்சாரமும் ஒன்றாக வாழாது என்பதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறவன். இவர்கள் ஒரு முழு வண்டியையே மின்சாரத்தில் செய்து, கடற்கரை ரோட்டில் ஓட்டு என்கிறார்கள்.

"சார், பேட்டரி சீல் பண்ணது. ஒரு மீட்டர் தண்ணியில அரை மணி நேரம் முக்கி வெச்சாலும் உள்ள போவாது. டெஸ்ட் பண்ணி சர்ட்டிபிகேட் குடுத்திருக்காங்க" என்றான்.

"எந்தத் தண்ணி?"

"சார்?"

"நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?"

அவன் மேலாளரிடம் போனான். மேலாளர் சென்னைக்குப் போன் போட்டார். சென்னைக்காரர் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இன்றுவரை சொல்லவில்லை.

ராத்திரியெல்லாம் வீடியோ பார்த்தேன். வாங்கியவர்கள் எல்லோரும் வண்டியைப் புகழ்ந்தார்கள். வாங்கிய பிறகு வேறென்ன செய்வார்கள்? வாங்காதவர்கள் எல்லோரும் திட்டினார்கள். ஈ.சி.ஆரில் ஒரு ஓட்டல் வாசலில் சார்ஜ் போட்டுவிட்டுக் காத்திருந்த ஒருவரைப் பிடித்தேன். அரைக்கால் சட்டை போட்ட மனிதர், பொறுமைசாலி. என் நச்சரிப்பு தாங்காமல் ஒரு குறையைச் சொல்லிவிட்டார். பெரிய பேட்டரிக்கு எதுவும் ஆகவில்லையாம். கதவு, திரை, விளக்குக்கெல்லாம் சின்னதாக ஒரு சாதாரண பேட்டரி தனியாக இருக்கிறதாம். அது ஒருநாள் செத்துப்போய், முழு சார்ஜ் இருந்தும் வண்டி கதவைக்கூடத் திறக்கவில்லையாம். நான் சந்தோஷமாக வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். ஆரோவில் பக்கம் ஒரு பேக்கரியில் வேலை செய்கிற அவள் அப்போதுதான் பஸ்ஸில் வந்து இறங்கி, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அதுக்கு ஏன் இவ்ளோ சந்தோஷம்?" என்று கேட்டாள்.

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. வாங்கினால் ஏமாந்துவிடுவேனோ என்று ஒரு பயம். வாங்குவதற்குள் அந்தப் பெண்ணுக்கு வலி எடுத்துவிடுமோ என்று இன்னொரு பயம். இரண்டுக்கும் நடுவில் கிடந்து புரண்டேன். மனைவி போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

எங்கள் உப்பளத்தில் புது மோட்டார் வாங்குவதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. விற்கிறவர் மோட்டாரைக் கொண்டுவந்து பாத்தியில் வைத்துவிட்டுப் போய்விடுவார். நாங்கள் அதற்கு ஓய்வே கொடுக்காமல் உப்புத் தண்ணீரை இழுக்க விடுவோம். சூடேறி நிற்கிறதா, எத்தனை மணி நேரத்தில் நிற்கிறது, நின்றால் மறுபடி எழுந்திருக்கிறதா என்று பார்ப்போம். சாகிற வரைக்கும் ஓட்டிப் பார்த்து, சாகாவிட்டால் வாங்கிக்கொள்வோம். இதைவிட நேர்மையான முறை ஒன்று உலகத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

ஆறாவது முறை போனபோது ஷோரூம் பையனிடம் வண்டியை மூன்று நாள் என்னிடம் விட்டுவைக்க முடியுமா என்று கேட்டேன். அவன் சிரித்தான். பிறகு அவனே பாவப்பட்டு, அதே வண்டியைப் பாண்டிச்சேரியில் ஓட்டுநர் இல்லாமல் வாடகைக்கு விடுகிறார்கள் என்று சொன்னான். மறுநாளே லீவு போட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். பிரசவத் தேதிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அப்படியே ஏதாவது என்றாலும் கையில் வண்டி இருக்கும் என்பதையும் நான் நினைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு அம்மா வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். மகளும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசல்படியில் நின்று பார்த்தாள்.

"சத்தமே இல்லியேண்ணா, வந்ததே தெரியல" என்றார் அந்த அம்மா.

"வாடகை வண்டிம்மா. பாத்துட்டு இதையே வாங்கிடலாம்னு இருக்கேன்."

"அப்பாடா" என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

முதல் நாள் திண்டிவனம் ரோட்டில் பள்ளம் மேடெல்லாம் பார்த்து ஓட்டினேன். இரண்டாம் நாள் கடலோரத்தில் காற்று அடிக்கிற பக்கமாக அரை நாள் நிறுத்திவைத்து, பிறகு எல்லா விளக்கும் எரிகிறதா, எல்லாக் கண்ணாடியும் இறங்குகிறதா என்று பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்தது எனக்கு எரிச்சலாக இருந்தது. பாக்கி இருந்தது ஒரே ஒரு விஷயம். திரையில் இன்னும் இத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று ஒரு எண் காட்டுகிறதே, அது உண்மையா? அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் எனக்குத் தெரியும். அன்று இரவு வேண்டுமென்றே சார்ஜ் போடாமல் விட்டேன்.

மூன்றாம் நாள் காலை மனைவி டிபன் டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு நேத்து மூஞ்சியெல்லாம் ஊதியிருந்துது. இன்னிக்கு எங்கயும் சுத்தாதீங்க. வண்டி வாசல்லயே நிக்கட்டும்."

"சரி, சரி" என்றேன். சாயங்காலம் வண்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இன்றைக்கு விட்டால் எப்போது பார்ப்பது? அவள் பஸ் ஏறினதும் கிளம்பிவிட்டேன்.

சென்னைப் பக்கமாகக் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினேன். ஏசியை முழுசாக வைத்து, கண்ணாடியையும் இறக்கிவிட்டு, பட்டப்பகலில் விளக்கைப் போட்டு, மழையில்லாமல் வைப்பரை ஓடவிட்டு ஓட்டினேன். எதிரே வந்த லாரிக்காரர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டி ஏதோ சொன்னார். பிறகு உப்பளத்து மண் ரோட்டில் சுற்ற ஆரம்பித்தேன். திரை முதலில் மஞ்சளாக எச்சரித்தது, பிறகு சிவப்பாக எச்சரித்தது, அப்புறம் ஒரு ஆமைப் படத்தைக் காட்டி வேகத்தைக் குறைத்தது. எங்கள் ஆபீஸ் ஷெட்டில் பதினைந்து ஆம்பியர் பிளக் உண்டு. அதன் வாசலில் வந்து நிற்கிற மாதிரிதான் நான் திட்டம் போட்டிருந்தேன். ஷெட்டுக்கு முப்பது தப்படி முன்னால், யாரோ மெதுவாக உட்கார வைத்தது போல வண்டி நின்றது. எண் பூஜ்யத்துக்கு வந்த பிறகும் அது இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. சொன்ன சொல்லை மீறவில்லை, கொஞ்சம் கூடவே கொடுத்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நோட்டை எடுத்துத் தொடைமேல் வைத்து எழுதிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மணி பதினொன்று இருக்கும்.

"அண்ணா, இவளுக்குத் தலை வலிக்குதாம். கண்ணு மங்கலாத் தெரியுதுங்கறா. நான் இப்பத்தான் வேலையிலருந்து வந்தேன். வண்டி எடுத்துட்டு வாங்கண்ணா."

"தோ வந்துட்டேன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை மாதமாக யோசிக்கிறேன். பதினைந்து வருஷமாகச் சொல்லிப் பழகிய வாய் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டதுண்டு. அது பொய். வெட்கம்தான் காரணம். வண்டி செத்துக் கிடக்கிறது, நான்தான் வேண்டுமென்றே சாகடித்தேன் என்று சொல்ல என்னால் முடியவில்லை. எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஷெட்டுக்குள் ஓடி நீள ஒயரை எடுத்து வந்தேன். எட்டவில்லை. மூட்டை கட்டிக்கொண்டிருந்த மூன்று பேரைக் கூப்பிட்டு வண்டியைத் தள்ளினோம். அந்த வெயிலில், அந்த மண்ணில், அது அசைந்துகொடுக்கவே பத்து நிமிடம் ஆனது. ஒயரைச் சொருகினேன். திரையில் முழுதும் ஏற எத்தனையோ மணி நேரம் ஆகும் என்று வந்தது. பாண்டிச்சேரி வரைக்கும் போக எவ்வளவு நேரம் சார்ஜ் ஏற வேண்டும் என்று என் மூளைக்கு எட்டவில்லை. ஒரு சதவீதம் ஏறட்டும், இரண்டு ஏறட்டும் என்று அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுபடியும் போன். "எங்கண்ணா வர்றீங்க? இவள வாசல்ல உட்கார வெச்சிருக்கேன்."

அப்போதுதான் சொன்னேன். "வண்டில சார்ஜ் இல்லம்மா. ஓட்டிப் பாத்தேன்... தீந்துபோச்சு."

அவர் என்னைத் திட்டவில்லை. போனை வைத்துவிட்டார். நான் 'தோ வந்துட்டேன்' என்று சொல்லி இருபது நிமிடம் ஆகியிருந்தது. அந்த இருபது நிமிடமும் அவர் வேறு யாரையும் கூப்பிடாமல், மகளை வாசலில் உட்காரவைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் வீட்டுக்கு ஓடினேன். இரண்டு கிலோமீட்டர் இருக்கும். பாதி வழியில் ஓட முடியாமல் நடந்தேன். தெருவுக்குள் நுழைந்தபோது அவர்கள் வீட்டுக் கதவு திறந்தபடி கிடந்தது, ஆள் இல்லை. எதிர்வீட்டுக்காரர் சொன்னார்: "உப்பு மூட்டை ஏத்தற குட்டி வண்டிக்காரர் வந்தாரு. ஆம்புலன்ஸ் வர்றதுக்கு லேட்டாவும்னு சொன்னாங்களாம். அதான் அவரே கூட்டிட்டுப் போய்ட்டாரு." என் வேட்டியையும் வேர்வையையும் பார்த்தார்.

அந்த லோடு வண்டி எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் உப்பளத்திலிருந்து கடைகளுக்கு மூட்டை அடிக்கிற வண்டி. ஒரு பக்கக் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருப்பார். பிரேக் பிடித்தால் ஊருக்கே கேட்கும். "ஏம்பா, இதெல்லாம் ஒரு வண்டியா, ரோட்டுல வெச்சிருக்கியே" என்று நானே பலமுறை அவரைக் கேலி செய்திருக்கிறேன்.

சாயங்காலம் மனைவி பேக்கரியிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். அதற்குள் ஏறியிருந்த சார்ஜில் வாடகை வண்டியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு நானும் போனேன். பிரசவ வார்டுக்குள் ஆண்களை விடவில்லை. வெளியே மரத்தடியில் நின்றேன். மனைவி வெளியே வந்து சொன்னாள். போகிற வழியில் அந்தப் பெண்ணுக்கு வலிப்பு வந்துவிட்டது. போய்ச் சேர்ந்ததும் ஆபரேஷன். பெண் குழந்தை, எடை குறைவு, சூட்டுப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தால் சொல்ல முடியாது என்றும் சொல்லியிருக்கிறார்.

சொல்லி முடித்துவிட்டு, மனசு கேட்காமல் இதையும் சொன்னாள். "காலி உப்புச் சாக்கு விரிச்சுத்தான் படுக்க வெச்சுக் கூட்டிட்டு வந்தாங்களாம். வலிப்புல தலைய அப்படியும் இப்படியும் உருட்டியிருக்கா. ஆபரேஷனுக்கு ரெடி பண்ணும்போது, இந்தப் பொண்ணு தலையில ஏன் இவ்ளோ உப்பு இருக்குதுன்னு நர்ஸ் கேட்டாங்களாம். ரெண்டு பேரு நின்னு சீப்பு வெச்சு வாரி எடுத்திருக்காங்க."

நான் அழுதேன். மரத்தடியில் காத்திருந்தவர்கள், என் வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து எனக்கு இடம் விட்டு நகர்ந்தார்கள்.

மறுநாள் காலை ஷோரூம் திறக்கும்போதே போய் நின்றேன். அவர்கள் கைவசம் இருந்தது ஒரே ஒரு வண்டிதான், எனக்குப் பிடிக்காத ஒரு சிவப்பு. குனிந்துகூடப் பார்க்காமல் பில் எழுதச் சொன்னேன். அந்தப் பையன் பயந்துவிட்டான். "சார், உப்புத் தண்ணி விஷயம் சென்னையில இன்னும் சொல்லல" என்றான். பரவாயில்லை என்றேன். எத்தனை நாளில் கைக்கு வரும் என்பது மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது. குழந்தையை இரண்டு வாரமாவது வைத்திருப்பார்கள் என்று மனைவி சொல்லியிருந்தாள். அதற்குள் தினமும் போன் போட்டு அவன் உயிரை வாங்கி, நம்பர் பிளேட் மாட்டிய வண்டியை எடுத்துவிட்டேன். அவர்கள் வீடு திரும்பும்போதாவது இதில் திரும்ப வேண்டும். வேறு எதுவும் எனக்கு அப்போது முக்கியமில்லை.

வீட்டுக்கு அனுப்புகிற நாள் மனைவி மூலமாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டு அம்மாவிடம் முன்கூட்டிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்வதைவிடப் போய் நிற்பது மேல் என்று நினைத்தேன். முழு சார்ஜ் போட்டு, பின் சீட்டில் புதுத் துணி விரித்து, சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாகவே ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றேன். ஏசியைப் போட்டுக் குளிரவைத்தேன். குழந்தைக்குக் குளிர் ஆகாது என்று தோன்றி நிறுத்தினேன். மறுபடி போட்டேன்.

அவர்கள் வெளியே வந்தார்கள். அந்த அம்மா குழந்தையைத் துணியில் சுற்றி மார்போடு வைத்திருந்தார். மகள் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தாள். நான் கதவைத் திறந்துகொண்டு முன்னால் போனேன். அவர் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வாங்கிட்டீங்களாண்ணா, நல்லாருக்குது" என்றார்.

"ஏறுங்கம்மா. சார்ஜ் முழுசா இருக்குது."

அவர் எனக்குப் பின்னால் கேட் பக்கம் பார்த்தார். அங்கே அந்த லோடு வண்டி நின்றிருந்தது. கழுவித் துடைத்து, மகள் உட்கார முன் சீட்டில் தலையணை போட்டு, பின்னால் பாய் விரித்து வைத்திருந்தார் அந்த மனிதர். கயிற்றை அவிழ்த்துக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இல்லண்ணா, நீங்க போங்க" என்றார் அந்த அம்மா, மரியாதையாகவே. "அவரு வர்றேன்னு சொன்னாரு. வந்துட்டாரு."

மூன்று பேரும் அதில் ஏறினார்கள். அது கிளம்பியதும் நானும் கிளம்பினேன். மரக்காணம் வரைக்கும் அந்த வண்டியின் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்தேன். ரோடு காலியாக இருந்தும் முந்தவில்லை.